லிஸ்பன் மாநகரில் ஒரு மாதப் பாடம்

ராயகிரியில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் தெரியும். மலைக்கு அப்பால் கேரளம். கேரளத்துக்கு அப்பால் கடல். அக்கடலையும் அரபு நாட்டுப் பாலை நிலங்களையும் கடந்து மேற்கே போய்க்கொண்டேயிருந்தால், ஐரோப்பாக் கண்டம் முடிந்து அத்திலாந்திக் பெருங்கடல் தொடங்கும் ஓரத்தில், தேஜோ ஆற்றின் முகத்துவாரத்தில், லிஸ்பன் மாநகர் அமைந்திருக்கிறது. போர்த்துக்கல் நாட்டின் தலைநகர் அது. புனித சவேரியார் நம் நாட்டுக்கு வருவதற்காக 1541-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் கப்பலேறியது அங்கிருந்துதான். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உலக இளையோர் நாள் அங்கே கொண்டாடப்பட்டதை நம் குடும்பங்கள் பல தொலைக்காட்சியில் கண்டிருக்கும்.

அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தின் கலைப்புலத்தில், வெளிநாட்டினருக்குக் கோடைக்காலத்தில் போர்த்துக்கீசிய மொழி கற்பிக்கும் குறுகிய காலப் படிப்பு ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நாம் அதில் நான்கு வாரம் மாணவராய் அமர்ந்திருந்தோம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த நாள்களில் புறப்பட்டு, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் சென்று விமானம் ஏறினோம். பயணச் செலவை வெளிநாட்டில் வாழும் பழைய நண்பர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். தங்குவதற்குக் குருக்கள் இல்லம் ஒன்றில் சிறிய அறை கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. செலவைப் பற்றிப் பின்னால் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐம்பத்தாறு வயதில், கிராமத்துப் பங்குக் குருவுக்குப் போர்த்துக்கீசிய மொழி எதற்கு என்று வினவியோர் உண்டு. நியாயமான வினாவே. நம் பங்குகளில் எண்பது வயதைக் கடந்த தாய்மார் சிலர் இன்றும் சொல்லும் பழைய செபங்களில் 'இஸ்பிரீத்து சாந்து' என்று வரும். தூய ஆவியாரைத்தான் அவ்வாறு அழைக்கிறார்கள். சிலுவையைக் 'குருசு' என்பார்கள். பாவசங்கீர்த்தனத்தை அவர்களுடைய பாட்டன்மார் 'கும்பசாரம்' என்றனர். இச்சொற்களைத் தமிழுக்குத் தந்த மொழியை அதன் பிறப்பிடத்தில் சிறிதளவேனும் கற்க வேண்டும். நம் முன்னோரைப் பற்றியோ அவர்களுக்காகவோ அம்மொழியில் எழுதப்பட்ட பழைய ஏடுகளில் ஒரு பக்கத்தையாவது உரையாசிரியர் துணையின்றிப் படிக்க வேண்டும். இதற்கு மேல் நமக்கு நோக்கம் இருக்கவில்லை.

வகுப்பில் பதினான்கு பேர். போரினால் வீடிழந்து வந்த உக்ரைன் நாட்டுத் தாய் ஒருவர். கொரிய நாட்டுக் கன்னியர் ஒருவர். போர்த்துக்கீசியப் பெண்ணை மணந்த செருமானியர் ஒருவர். தம் கல்லூரிக் கணக்கில் சில மதிப்பலகுகள் சேர்ப்பதற்காக வந்திருந்த அமெரிக்க மாணவர்கள் சிலர். நம்மைத் தவிர எல்லாரும் இளைஞர் அல்லது நடுவயதினர். ஆசிரியைக்கு நம் மகள் வயது இருந்தால் அதிகம்.

முதல் நாள் அவர் அறையிலிருந்த பொருள்களைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னார். மேசையைத் தொட்டு 'மேஸா' என்றார். சன்னலைக் காட்டி 'ஜனேலா' என்றார். அலமாரியைத் தட்டி 'அர்மாரியு' என்றார். மற்றவர்கள் விழித்துக்கொண்டிருக்க, நாம் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தோம். சட்டைப் பொத்தானைக் காட்டி, இதற்கு என்ன பெயர் தெரியுமா என்று நம்மிடமே கேட்டார். பொத்தான் என்றோம். அவர் சொல் மூக்கில் சற்றே ஒலித்தது, மற்றபடி அதுவேதான். குளியலறைத் துவாலை, தண்ணீர்க் கோப்பை, எண்ணெய்ப் பீப்பாய், கட்டட மேஸ்திரி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, அன்னாசிப் பழம் என்று பட்டியல் நீண்டது. சந்தையில் கூவும் ஏலம்கூட அவர்களுடைய 'லெய்லாவ்' என்னும் சொல்லின் தலையெழுத்து உதிர்ந்து நம்மிடம் வந்ததே. பங்கு இல்லங்களில் சமையலறையைக் குசினி என்கிறோமே, அச்சொல்லை அந்நாட்டுத் தாய்மார் நாள்தோறும் 'குஸீஞ்ஞ' என்று வழங்குகின்றனர்.

சாவியில் மட்டும் ஒரு வேற்றுமை. லிஸ்பன் நகரத்தார் அதை 'ஷாவ்' என்கின்றனர். நாம் 'ச்சாவி' என்று சொன்னதைக் கேட்ட ஆசிரியை எழுந்து வந்து மீண்டும் சொல்லச் சொன்னார். சவேரியார் காலத்தில் அந்நாட்டிலும் அச்சொல் 'ச்சாவெ' என்றே ஒலித்ததாம். பிற்காலத்தில் தலைநகரத்தார் நாவில் அவ்வொலி தேய்ந்து 'ஷ' ஆகிவிட்டது. வடபகுதிக் கிராமங்களில் மட்டும் பழைய ஒலி இன்னும் வாழ்கிறது. லிஸ்பன் மக்கள் கைவிட்டுவிட்ட ஓர் ஒலியை, அழுத்திப் பேசும் நம் ஊர்க் கிழவர் ஒருவர் பூட்டைத் திறக்கும்போதெல்லாம் காப்பாற்றி வருகிறார் என்றால் யார் நம்புவார்கள்!

வாங்கியது மட்டும் அல்ல, கொடுத்ததும் உண்டு. இரண்டாம் வாரம் நமக்குக் கடுமையான சளி பிடித்தது. லிஸ்பன் கோடையில் மழை அநேகமாக இல்லை. பகல் வெயில் நம் சித்திரை வெயிலுக்கு இளைத்ததன்று. ஆனால் மாலையில் வடக்கேயிருந்து வீசும் கடற்காற்று குற்றாலத்துக் காற்றையும் தோற்கடித்துவிடும். குருக்கள் இல்லத்துச் சமையற்கார அம்மையார் நம் நிலையைக் கண்டு, கோழிச் சாற்றில் அரிசியிட்டுக் குழைய வேகவைத்த ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். பெயர் கேட்டோம். 'கன்ஜா' என்றார். தென்னாட்டுக் கஞ்சிதான்! மலையாளக் கரையில் கால் வைத்த அவர்களுடைய மாலுமிகள் கொண்டுபோன சொல் அது. ஐந்நூறு ஆண்டுகளாகியும் நோயாளிக்குக் கொடுக்கும் உணவாகவே அது அங்கே இருக்கிறது. எளிதான வேலையைக்கூட 'அது கஞ்சி' என்று சொல்வது அவர்களுடைய வழக்கு. மாங்காயும் கயிறும் கொப்பரையும் வெற்றிலையும் இவ்வாறே அம்மொழிக்குள் சென்று குடியேறியிருக்கின்றன.

பாடம் தொடங்குவதற்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்ததால், ஜூன் 13-ஆம் நாள் புனித அந்தோனியார் திருநாளைக் காணும் பேறு கிடைத்தது. புளியம்பட்டிக்கும் உவரிக்கும் செவ்வாய்தோறும் நடக்கும் நம் மக்கள் அவரைப் பதுவை நகர அந்தோனியார் என்றே அறிவார்கள். லிஸ்பன் நகரில் அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். 1195-ஆம் ஆண்டு அவர் பிறந்தது லிஸ்பனில். பேராலயத்துக்கு அருகே, அவர் பிறந்த வீடு இருந்ததாகப் போற்றப்படும் இடத்தின்மேல் ஆலயம் எழுப்பியிருக்கிறார்கள். படியிறங்கிச் சென்றால் நிலவறையில் பிறந்த இடம் காட்டப்படுகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1982-இல் அங்கே மண்டியிட்டுச் செபித்தார். அந்தோனி என்பது துறவறத்தில் அவர் ஏற்ற பெயர். திருமுழுக்குப் பெயர் பெர்னாந்து. தூத்துக்குடிக் கரையெங்கும் குடும்பப் பெயராக விளங்கும் அதே பர்னாந்துதான்! இதைக் கடற்கரைப் பங்குகளில் பணிபுரியும் நம் உடன்குருக்கள் மறையுரையில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

திருநாளுக்கு முந்திய இரவு அந்நகரம் உறங்குவதில்லை. குறுகிய தெருக்களில் வீட்டுக்கு வீடு வாசலில் அடுப்பு மூட்டி மத்தி மீனைச் சுடுகிறார்கள். புகை மாடி சன்னல்கள் வரை எழும்புகிறது. சிறு மண்தொட்டிகளில் நம் திருநீற்றுப்பச்சைக்கு இனமான ஒரு செடியை வளர்த்து, காகிதப் பூவும் காதற்கவிதைச் சீட்டும் செருகி விற்கிறார்கள். அதன் மணத்தை மூக்கை வைத்து முகரக் கூடாதாம். உள்ளங்கையால் இலையைத் தடவிக் கையை முகர வேண்டுமாம், இல்லையேல் செடி வாடிவிடும் என்பார்கள். வசதியில்லாத மணமக்கள் பலருக்கு நகராட்சி அன்று திருமணம் நடத்தி வைக்கிறது. மறுநாள் மாலை திருச்சுரூபம் பவனி வரும்போது மந்திரித்த அப்பம் பெறுவதற்குக் கிழவிகள் முண்டியடித்ததைப் பார்த்தபோது, நம் ஊர் அசனப் பந்தியில் நிற்பது போன்றே இருந்தது.

இனி, செலவைப் பற்றி.

நாம் புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் ராயகிரியிலுள்ள நம் குடும்பம் ஒன்று நம்மைத் தேடி வந்தது. மகள் பாளையங்கோட்டைக் கல்லூரியில் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு. ஐரோப்பியத் தலைநகர் ஒன்றில் மூன்று வாரக் கோடைப் படிப்பு. மூன்றரை இலட்சம் ரூபாய். முடித்தால் அங்கேயே தங்கி வேலை தேடிக்கொள்ளலாம் என்று நகரத்து முகவர் ஒருவர் சொல்லியிருந்தார். தந்தைக்கு ஓர் எலுமிச்சைத் தோப்பும் ஒரு கிணறும் மட்டுமே சொத்து. "பிள்ளை ஆசைப்படுது சாமி. தோப்ப ஒத்திக்கு வச்சிரலாம்னு பாக்கேன்" என்றார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை; நாம் என்ன சொல்லப்போகிறோம் என்று நம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விவரம் தெரிந்துகொண்டு சொல்கிறோம் என்றோம். தெரிந்துகொண்டவை இவை. கோடைப் படிப்புக்குச் செல்வோருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஷெங்கன் குறுகிய கால விசா. எந்த 180 நாள்களிலும் 90 நாளுக்கு மேல் அதில் தங்க இயலாது. வேலை செய்ய அனுமதி கிடையாது. அதன் கட்டணம் 80 யூரோவாக இருந்து 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ ஆயிற்று. விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் எடுத்தாக வேண்டும். படிப்பின் எடை எவ்வளவு என்றால், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 அலகுகள். சில வாரக் கோடைப் படிப்பு பெரும்பாலும் ஆறு அலகைத் தாண்டுவதில்லை. அந்த ஆறையும் நம் நாட்டுக் கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா என்பதைப் புறப்படும் முன்னரே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தங்கி வேலை தேடலாம் என்ற பேச்சின் மறுபக்கத்தை லிஸ்பனில் நேரில் கண்டோம். நகரின் நடுவே மொவுராரியா என்னும் பழைய குடியிருப்பில் வங்காளதேசத்தார், நேபாளத்தார், நம் நாட்டுப் பஞ்சாபியர் எனப் பலர் நெருக்கமாக வாழ்கின்றனர். வருகையாளராய் நுழைந்து, வேலை ஒன்றைத் தேடிக்கொண்டு, பின்னர் குடியிருப்பு உரிமை கோருவதற்குப் போர்த்துக்கல் சட்டத்தில் முன்பு ஒரு வழி இருந்தது. நாம் போய்ச் சேர்வதற்குச் சில நாள்களுக்கு முன், அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், அரசு அவ்வழியை மூடிவிட்டது. உணவுப் பொட்டலப் பெட்டியை முதுகில் சுமந்து மிதிவண்டியில் செங்குத்தான தெருக்களில் ஏறும் இளைஞர்களிடையே அந்நாள்களில் இதுவே பேச்சு. ஓர் இளைஞர் நம் கழுத்துப்பட்டையைக் கண்டு, தாம் கிறிஸ்தவர் அல்லர் என்று சொல்லிவிட்டு, தம் தாய்க்காகச் செபிக்குமாறு கேட்டார். வீட்டில் நிலத்தை விற்று அனுப்பியிருந்தார்களாம்.

ஊர் திரும்பியதும் நாம் அந்தத் தந்தையிடம் சொன்னது: "தம்பி, தோப்பை ஒத்தி வைக்காதீர்கள். மூன்று வாரம் தோப்பைத் திருப்பித் தராது." பெண்ணிடம் வேறு விதமாகச் சொன்னோம். போவது தவறு என்று சொல்லவில்லை. எதைத் தெரிந்துகொள்ளப் போகிறாய் என்று கேட்டோம். பார்க்க வேண்டும் என்றாள். பார்ப்பதற்கு மூன்றரை இலட்சம் மிகுதி என்றோம். மொழி கற்பதே நோக்கமானால், கோவாவின் பஞ்சிம் நகரில் போர்த்துக்கீசிய அரசின் கமோயிஸ் நிறுவனம் நடத்தும் மையம் இருக்கிறது. தொடக்கப் பாடத்தை அங்கே கற்கலாம். அந்நிறுவனம் மொழி மாணவருக்கு உதவித்தொகையும் வழங்குகிறது. பல்கலைக்கழகத்துக்கு முகவர் இன்றி நாமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். இவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்தோம். தாளை வாங்கிக்கொண்டாள். "சாமி மட்டும் போயிட்டு வந்துட்டீங்க" என்றாள். அவள் தாய் பதறிப்போய் அவளை அதட்டினார். அதட்ட வேண்டாம் என்றோம். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நம்மேல் அவளுக்குள்ள வருத்தம் இன்னும் முழுவதும் தீர்ந்தபாடில்லை.

வெளியூர்க் கல்வி வேண்டாம் என்பது நம் கருத்தன்று. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த தனிநாயகம் அடிகளார் 1934 முதல் 1939 வரை உரோமையில் பயின்றவர். ஆனால் அவர் தமிழை ஆழ்ந்து கற்றது அதன் பின்னர், நம் நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராயிருந்தபோது. உரோமை அவருக்கு ஐரோப்பிய மொழிகளைத் தந்தது. வடக்கன்குளம் வினாக்களைத் தந்தது. இரண்டையும் சேர்த்துக்கொண்டு அவர் ஐரோப்பிய நூலகங்களில் தமிழைத் தேடியலைந்தார். அங்கே உறங்கிக்கிடந்த பழைய தமிழ் நூல்களைப் பற்றி, தாம் நடத்திய 'தமிழ் கல்ச்சர்' ஆங்கில இதழில் 1950-களில் எழுதி உலகறியச் செய்தார்.

அவற்றுள் ஒன்றைக் காண்பதே லிஸ்பனில் நமக்கிருந்த பெரிய ஆவல். 1554-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், மன்னர் மூன்றாம் யோவானின் ஆணைப்படி, லிஸ்பன் நகரில் ஒரு சிறு செபநூல் அச்சாயிற்று. தமிழ்ச் சொற்கள் இலத்தீன் எழுத்தில் உள்ளன. அவற்றின் பொருள் போர்த்துக்கீசிய மொழியில் மேலே சிவப்பு மையில் தரப்பட்டிருக்கிறது. தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 1578-இல். அதற்கு இருபத்துநான்கு ஆண்டு முன்னதாகவே தமிழ்மொழி அச்சேறிய இடம் லிஸ்பன். அதை ஆக்கித் தந்தவர்கள் வின்சென்ட் நசரேத், ஜார்ஜ் கர்வாலோ, தோமா குரூஸ் என்னும் மூவர். மூவரும் நம் நாட்டவர், முத்துக்குளித்துறைத் தமிழர். அந்நாளில் நம் கரையிலிருந்து லிஸ்பன் செல்வது ஆறு மாதத்துக்குக் குறையாத கப்பற் பயணம். நடுவழியில் மாண்டோர் எத்தனையோ பேர். அப்படிப் போனவர்கள் அங்கே மாணவராய் மட்டும் இருக்கவில்லை. அந்நகரத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்.

நூலின் மூலப்படி பெலேம் பகுதியிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு உரியது. திருப்பணி வேலைக்காக அவ்வருங்காட்சியகம் 2022 முதல் மூடப்பட்டிருந்ததால், 1970-இல் வெளியிடப்பட்ட நிழற்படப் பதிப்பைத்தான் தேசிய நூலகத்தில் காண முடிந்தது. அதே நூலகத்தில், புன்னைக்காயலில் 1600-ஆம் ஆண்டு மறைந்த அண்டிரிக் அடிகளார் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப்படியும் இருக்கிறது. ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் அது. 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் திருநாளன்று மக்கள் ஆலயங்களில் கூடியிருந்த வேளையில் வந்த நிலநடுக்கமும் தீயும் ஆழிப்பேரலையும் அந்நகரின் அரண்மனை நூலகத்தை அழித்தன; இந்திய வாணிபக் கணக்குகள் இருந்த மாளிகையும் அழிந்தது. அவ்வளவுக்கும் தப்பி இவ்விரு நூல்களும் நம் கைக்கு எட்டியிருக்கின்றன.

நூலகத்திலிருந்து சிறிது தொலைவு நடந்தால் ஓர் ஆலயம். வாசலில் பெயரைப் படித்ததும் நின்றுவிட்டோம். புனித அருளானந்தர் ஆலயம்! 1693-இல் ஓரியூர் மணற்பரப்பில் தலை வெட்டுண்டு இறந்த நம் அருளானந்தர் 1647-இல் பிறந்ததும் லிஸ்பனிலேயே. சுற்றியுள்ள வட்டாரமே முன்பு அவர் பெயரைத் தாங்கியிருந்தது. உள்ளே திருப்பலி முடிந்து முதியவர் சிலர் அமர்ந்திருந்தனர். ஓரியூர் இருக்கும் நாட்டிலிருந்து வருகிறோம் என்று நாம் கற்ற மூன்று வாரப் போர்த்துக்கீசியத்தில் சொன்னோம். ஓர் அம்மையார் நம் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, அங்கே மண் உண்மையிலேயே சிவப்பாக இருக்கிறதா என்று கேட்டார். ஆம் என்றோம். அடுத்து அவர் கேட்டவை நம் பாடத்துக்கு அப்பாற்பட்டவை, சிரித்துச் சமாளித்தோம்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் முழுவதும் அந்த நிழற்படப் பதிப்போடு அமர்ந்தோம். சிவப்பு வரியில் நான்கில் ஒரு பங்கு தானாகவே பொருள் தந்தது. எஞ்சியதை அகராதி தந்தது. கறுப்பு வரியை மெல்ல வாய்விட்டுப் படித்தோம். எழுத்து இலத்தீன்; ஒலி நம் கரையோரத் தாய்மாரின் ஒலி. அருகிலிருந்த மாணவர் ஒருவர் விரலை உதட்டில் வைத்து எச்சரித்தார்.

படிப்பின் முடிவில், ஐரோப்பிய மொழித் தரவரிசையின் ஆறு படிகளில் முதற்படியை எய்தியதாக நமக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அது இப்போது பங்கு இல்லத்து அலமாரியில் இருக்கிறது. சாவி குசினிக்காரரிடம்.